நூல் தொங்கிய பேட்ஜ்

ஹேக்கர் என்றால் யார் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தித்தாளில் படித்ததுதான். கம்ப்யூட்டர் வழியாக பேங்குக்குள் புகுந்து அடுத்தவர் பணத்தை அடித்துக்கொண்டு போகிறவன். அதனால் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர், "பெங்களூர்ல ஹேக்கருங்க கூடறாங்க புள்ள, என்னையும் வரச் சொல்லியிருக்காங்க" என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, நல்லாத்தானுங்களே போயிட்டிருக்குது? நமக்கு எதுக்குங்க இந்தப் பொழப்பு?" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். பிறகு விளக்கினார். திருடுகிறவர்கள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் கையில் எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். ரேடியோவோ, பூட்டோ, புரோகிராமோ, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். "அப்ப உங்களாட்டம் இன்னும் நாலு பேர் உலகத்துல இருக்காங்கன்னு சொல்லுங்க" என்றேன். அப்படி நான் விளையாட்டாகச் சொன்னதுதான் உண்மையில் அவருக்கு எல்லாமுமாக இருந்தது.

திருப்பூரில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டு பழுதானால் சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். ஒரு ஷட்டர் கடை, ஒரு மேஜை, எப்போதும் சூடாக இருக்கும் சால்டரிங் இரும்பு. போன் அடித்தால், "போர்டு போயிருச்சுங்க, மெஷின் நிக்குதுங்க, எப்ப வருவீங்க?" என்பார்கள். சரிசெய்து ஓட விட்டால், "ஓடுதுங்களா, சந்தோசமுங்க" என்பார்கள். எப்படிச் சரிசெய்தீர்கள் என்று இந்த ஊரில் ஒருத்தர்கூட அவரைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது மெஷின் ஓட வேண்டும், அவ்வளவுதான். நானும் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சன்டைசர் வேலை பார்க்கிறவள், ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையரோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள். எனக்கும் அவர் எப்படிச் சரிசெய்கிறார் என்று கேட்கத் தோன்றியதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை அவர் இன்டர்நெட்டில் கண்டுபிடித்திருந்தார். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, அவரவர் வைத்துக்கொண்ட பெயர்தான். இவருக்கும் ஒன்று இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுசன், அங்கே பக்கம் பக்கமாக எழுதுவார். சில சமயம் ஸ்கிரீனைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பெங்களூரில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நம் ஊரில் கட்சி மாநாட்டுக்குப் போனால் தலைவர் படம் போட்ட பேட்ஜைக் குத்திவிடுவார்கள் இல்லையா, அதுபோல அங்கேயும் வருகிற எல்லோருக்கும் பேட்ஜ் உண்டு. ஆனால் அது சும்மா சட்டையில் கிடக்காது. விளக்கு எரியும், சத்தம் போடும், பக்கத்தில் நிற்கிறவர் பேட்ஜோடு பேசும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து அதைச் செய்வார். அந்த வருடம் இவரைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். செய்ததைப் பற்றி மேடையில் அரை மணி நேரம் பேசவும் சொல்லியிருந்தார்கள்.

அவர் எத்தனையோ ஊருக்குப் போய் எத்தனையோ மெஷினைச் சரிசெய்தவர். ஆனால் தன்னைப் போல யோசிக்கிற ஒரு மனிதரை நேரில் பார்த்ததில்லை. முகம் தெரியாத அந்த மனிதர்கள் முன்னால் போய் ஒருமுறை நிற்க வேண்டும், நானும் உங்களில் ஒருத்தன் என்று சொல்ல வேண்டும். அவர் ஆசை இவ்வளவுதான். பனியன் ஊரில் இருந்துகொண்டு அதற்காகக் கோயம்புத்தூர் போய்ச் சட்டை எடுத்து வந்தார்.

வழக்கமாக அந்த பேட்ஜ்களைப் பச்சை நிற சர்க்யூட் போர்டில் செய்வார்களாம். இவர், "திருப்பூர்க்காரன் செஞ்சா துணியிலதான் செய்யோணும்" என்று பிடிவாதமாக நின்றார். ஏதோ ஒரு கம்பெனியில், வியர்வை நாற்றம் வராத உள்ளாடைக்கு என்று பையர் அனுப்பிய வெள்ளி பூசிய நூல் ஒரு கோன் மிச்சம் கிடந்தது. அந்த நூலில் கரண்ட் போகும். உள்ளங்கை அளவு வட்டமாக இரண்டு துணி, நடுவில் நகம் அளவு ஒரு போர்டு, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள், ஓரத்தில் பட்டன் பேட்டரிக்கு ஒரு பை. போர்டிலிருந்து விளக்குகளுக்குப் போகிற வயரெல்லாம் அந்த வெள்ளி நூல்தான். உள்ளே எதுவும் நகராதபடி பசை வைத்து, இரண்டு துணியையும் பியூசிங் மெஷினில் சூடாக அழுத்தி ஒட்டவைத்துவிட்டார்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். பேட்ஜின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு நூல் தொங்கும். ஒன்றில் முடிச்சு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. தனியாக இருக்கும்போது நடுவில் ஒரே ஒரு விளக்கு மட்டும் விட்டு விட்டு மினுங்கும். இன்னொருவரைப் பார்த்து, அவர் நூலோடு நம் நூலைச் சேர்த்தால், முடிச்சோடு முடிச்சு, வெறும் நூலோடு வெறும் நூல், இரண்டு பேர் பேட்ஜிலும் புதிதாக ஒரு விளக்கு எரியும். பார்த்த ஆளையே மறுபடி பார்த்தால் எரியாது. புது ஆளைத் தேடிப் போக வேண்டும். எத்தனை பேரோடு நூல் சேர்த்தோமோ அத்தனை விளக்கு. கூச்ச சுபாவம் உள்ள ஒருத்தர் உட்கார்ந்து யோசித்தால்தான் இப்படி ஒன்று வரும். நூலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றே ஆக வேண்டும், பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்ற கவலை இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் நானும் அவரும் மாதிரிக்குச் செய்த இரண்டு பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொண்டு நூலைச் சேர்த்துப் பார்த்தோம். எரிந்தது. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

தையலும் பியூசிங்கும் வேலம்பாளையத்தில், அவர் கூடப் படித்த சேக்காளியின் ஜாப் ஒர்க் யூனிட்டில் நடந்தது. சேக்காளி தங்கமான மனுசன், வேலை இல்லாத நேரத்தில் மெஷினை இவருக்கு விட்டுக்கொடுத்தார். கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் எல்லா பேட்ஜும் முடிந்துவிட்டன. சாயங்காலம் பெங்களூர் பஸ். சேக்காளி தாராபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். பேட்ஜ்களை ஒரு பிளாஸ்டிக் டிரேயில் எடுத்து வைத்த நேரத்தில் போன் வந்தது. அவிநாசிபாளையத்தில் ஒரு மெஷின் நின்றுவிட்டதாம். பழைய வாடிக்கை, முடியாது என்று சொல்ல இவருக்கு வாய் வராது. யூனிட்டில் தூசி இல்லாமல், வெளிச்சமாக இருந்த ஒரே மேஜையில் டிரேயை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது செக்கிங் மேஜை.

பனியன் கம்பெனியில் ஒருநாள் வேலை பார்த்தவர்களுக்குக்கூட நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செக்கிங் மேஜைக்கு வந்த பீஸில் ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது. தொங்கினால் பையர் திருப்பிவிடுவான். அதற்கென்றே கையில் சின்னக் கத்தரியோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மேஜையில் ஒன்று வந்துவிட்டால் அது யாருடையது, எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது. எடு, புரட்டு, வெட்டு, அடுக்கு. அதைத்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

எனக்கு அன்று அரை நாள் வேலை. மெஷினைச் சரிசெய்துவிட்டு மத்தியானம் அவர் திரும்பியதும், மொத்தமும் எரிவதைப் பார்க்கலாம் என்று அவரோடு நானும் யூனிட்டுக்குப் போனேன். செக்கிங்கில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார், வேலையில் அவ்வளவு சுத்தம். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். பேட்ஜ்கள் டஜன் டஜனாக அடுக்கி, ஒவ்வொன்றும் பாலிபேக்கில் போட்டு, மேஜை மேல் இருந்தன. சைஸ் ஸ்டிக்கர் ஒட்டாததுதான் பாக்கி.

"அவசரத்துல நூலையெல்லாம் அப்படியே விட்டுட்டுப் போயிட்டியளே தம்பி. நாங்க சாப்பாட்டு நேரத்துலயும் உக்காந்து முடிச்சிட்டோம். பாருங்க, ஒரு நூலு தொங்காது" என்றார்.

தொங்கவில்லை. தையல் ஓரத்தோடு ஒட்ட, விரலால் தடவினால்கூடத் தெரியாத அளவுக்கு வெட்டியிருந்தார்கள். பாலிபேக்குக்குள் ஒவ்வொரு பேட்ஜிலும் நடு விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. அத்தனையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும், ஒன்றோடு ஒன்று பேச வழியில்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தன.

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பேட்ஜை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லதுங்க்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த அக்காவைத் திட்ட அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு வந்தது, ஆனால் சாப்பிடாமல் உட்கார்ந்து உதவி செய்தவளை எந்த வாயால் திட்டுவது?

வீட்டுக்கு வந்து ஒரு பேட்ஜைப் பிரித்துப் பார்த்தார். ஒட்டிய துணியைக் கிழியாமல் பிரித்து, பசையைச் சுரண்டி, உள்ளே வெட்டுப்பட்ட நூல் முனையைத் தேடிப் பிடித்து, புதிதாக நூல் கோத்துத் தைக்க வேண்டும். ஒன்றுக்கே பாதி மத்தியானம் போய்விட்டது. மொத்தமும் ஒரு ஆள் சாயங்காலத்துக்குள் செய்து முடிக்கிற காரியம் இல்லை.

"அப்படியே எடுத்துட்டுப் போங்க. போயி நடந்ததைச் சொல்லுங்க" என்றேன்.

"லாட் ரிஜெக்ட் ஆனா நீ அதைத் தூக்கிட்டுப் போயி பையர் முன்னாடி நிப்பியா புள்ள?"

நிற்கமாட்டேன். எங்கள் ஊரில் யாரும் நிற்கமாட்டார்கள். சரக்கு கெட்டுப்போனால் கமுக்கமாக இருப்பதுதான் இங்கே பழக்கம். போனை எடுக்காமல் இருப்பது, முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்வது, இரண்டு வரியில் ஒரு மெயில் போட்டுவிட்டு நல்ல காலம் வரட்டும் என்று காத்திருப்பது. கெட்ட சரக்கு, கழித்த பனியனெல்லாம் மலிவாக விற்கிற காதர்பேட்டைக்குப் போகும், முதலாளி தலை கொஞ்ச நாள் வெளியே தெரியாது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் நானே இந்தக் கதைகளை அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இருந்தாலும் விடவில்லை. "அவங்க பையர் இல்லீங்க, உங்க சேக்காளிக" என்று கத்தினேன். "மூஞ்சியே பாக்காதவங்க எப்படிப் புள்ள சேக்காளி ஆவாங்க?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கடைக்குப் போகிறேன் என்று பேட்ஜ்களைப் போட்டுவைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனசு ஆறட்டும், தனியாக இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். கம்ப்யூட்டரைப் போட்டு, தரத்தில் குறை, சப்ளை செய்ய இயலவில்லை, வருந்துகிறோம் என்று இங்கிலீஷில் எழுதினார். ஒரு ஆள் எழுதுகிற மெயிலில் "வருந்துகிறோம்" என்று போட்டது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அனுப்பியதும் கம்ப்யூட்டரை நிறுத்தினார். அதன் பிறகு, இன்டர்நெட்டில் அவர் வைத்திருந்த அந்தப் பெயருக்கு வந்த மெயில் ஒன்றையும் அவர் திறக்கவில்லை.

அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கொடுமை. கடைக்குப் போனார், போர்டு சரிசெய்தார், வந்தார், சாப்பிட்டார். ஸ்கிரீனைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் இல்லை. சில மாதம் கழித்து, டாக்காவில் ஒரு நிட்டிங் மில்லில் மெயின்டனன்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார், கிடைத்தது. கடை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். பேட்ஜ் பெட்டி எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பேட்டரி தீர்ந்து, விளக்குகள் எப்போது அணைந்தன என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம், ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒரு பெண், ஒரு வடநாட்டுப் பையன். தங்கள் கம்பெனிக்கு டி-ஷர்ட் ஆர்டர் கொடுக்கத் திருப்பூர் வந்தவர்கள். வந்த இடத்தில், போர்டு ரிப்பேர் செய்கிறவர், நூலில் பேட்ஜ் செய்தவர் என்று கடை கடையாக விசாரித்திருக்கிறார்கள். எங்கள் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் வீட்டைக் காட்டிவிட்டிருக்கிறார்.

அந்தப் பெண், இவர் இன்டர்நெட்டில் வைத்திருந்த பெயரைச் சொல்லி, "அவர் வீடு இதுதானாக்கா?" என்றாள். அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆமாங்க என்று சொல்லி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் ஊரில் இல்லை என்றதும் இரண்டு பேருக்கும் முகம் வாடிவிட்டது. காபி குடிக்கும்போது நடந்ததைச் சொன்னேன். செக்கிங் மேஜையைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள், கேலிச் சிரிப்பு இல்லை. பையனுக்கு இந்தியில் சொன்னாள், அவனும் தொடையில் தட்டிச் சிரித்தான். "பெட்டி இருக்காக்கா?" என்றாள்.

எடுத்து வைத்தேன். என்னிடம் தையல் பிரிப்பான் வாங்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து ஒன்றை அவள் பிரித்தாள், ஒன்றை அவன். அவன் தன் பைக்குள்ளிருந்தே சின்ன சால்டரிங் இரும்பு எடுத்தான். ஊருக்கு வருகிறவன் சீப்பு எடுத்துவருவது போல அதை எடுத்து வந்திருக்கிறான். பழைய சார்ஜர் வயரை உரித்து, நூலுக்குப் பதிலாக அதை வைத்துப் பற்றவைத்தார்கள். பக்கத்துக் கடிகாரக் கடையில் நான் பேட்டரி வாங்கி வந்தேன். முடிச்சு வயரோடு முடிச்சு வயரையும், வெறும் வயரோடு வெறும் வயரையும் சேர்த்தார்கள். இரண்டிலும் விளக்கு எரிந்தது.

"இப்படியே கொண்டுவந்திருக்கலாமேக்கா" என்றாள் அந்தப் பெண். "அங்க வர்ற ஒவ்வொருத்தர் பையிலயும் இந்த இரும்பு இருக்கும். அவர் வர வேண்டிய வருசத்துக்கு முந்தின வருசம் பேட்ஜ்ல தப்பான புரோகிராம் ஏத்திட்டாங்க, ஒண்ணுகூட எரியல. எல்லாரும் தரையில உக்காந்து அவங்கவங்க பேட்ஜை அவங்களே சரிபண்ணோம். சாயங்காலம் அதைச் செஞ்சவருக்குத்தான் கைதட்டு அதிகம். வேலை செய்யாத பேட்ஜ்தான்க்கா எங்களுக்கு விருந்து."

எரிகிற பேட்ஜ் ஒன்றை நான் கையில் எடுத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"அவர் பேசறதுக்குன்னு வச்ச அரை மணி நேரத்தை நாங்க வேற யாருக்கும் குடுக்கல. மெயில் பார்த்தோம், இருந்தாலும் கிளம்பி வந்துருவார்னு உக்காந்திருந்தோம். இந்த வருசமாவது வரச் சொல்லுங்கக்கா."

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். கோபமாகவும் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெட்டியவள் மேல் இல்லை. அவர் மேலும் முழுசாக இல்லை. ஒரு பீஸில் நூல் தொங்கினால் மொத்தத்தையும் ஒதுக்கித் தள்ளு என்று எங்கள் எல்லோருக்கும் பழக்கிவிட்ட இந்த ஊர் மேல் கொஞ்சம் இருந்தது. இதே ஊர்தான் சோறு போடுகிறது, அதையும் மறக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்காவிலிருந்து அவர் போன் செய்வார். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில், "பசையை எதுல சுரண்டுனாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "எரிஞ்சுதா?" என்றார். எரிந்தது என்றேன். அன்றைக்கு அவருக்காக அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள் என்றும் சொன்னேன்.

"இந்த வருசம் வரச் சொன்னாங்கங்க."

"லீவு கெடைக்காது புள்ள. மூணு வருசக் கான்ட்ராக்ட். பெட்டிய அவங்களுக்கே அனுப்பி வெச்சிரு."

சரிங்க என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அன்னிக்கு நான் கடைக்குப் போகல புள்ள. பெட்டியோட பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்திருந்தேன், பெங்களூர் வண்டிக்கு எதுத்தாப்புலயே. கண்டக்டர் ரெண்டு மொற கூப்பிட்டான். ஏறுடான்னு தெரிஞ்சவங்க யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏறியிருப்பேன்."

அந்த நேரத்தில் நான் வீட்டில் அவருக்கு ராத்திரிக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.